சிலிண்டர் பெருத்தால் ஜெட்டும் பெருக்க வேண்டுமா?

பைக் என்ஜினை போர் (சிலிண்டரின் உள்விட்டம்) ஏற்றிப் பெரிதாக்கியவர்களிடமிருந்து வந்த கடிதங்கள்தாம் இந்த முறை அதிகம். ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு; முழுத் திறப்புக்கு மெயின் ஜெட், ஐட்லிங்குக்கு பைலட் ஜெட். பெட்ரோல் குறைந்த கலவையை லீன் என்றும் கூடியதை ரிச் என்றும் பட்டறை வழக்கிலேயே சொல்கிறோம்.

கேள்வி: 150 சிசி வகுப்பு பைக்கில் 57 மி.மீ. போரை 62 ஆக்கியிருக்கிறேன். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 58 மி.மீ., அதில் கை வைக்கவில்லை. பழைய 26 மி.மீ. ஸ்லைடு (கைப்பிடிக் கேபிள் தூக்கும் அடைப்பான்) கார்புரேட்டர்தான். மெயின் ஜெட் 110 இருந்தது. "சிசி ஏறிவிட்டது, 130 போடு" என்றார் மெக்கானிக். போட்ட பிறகு பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் கரகரவென்று அடைத்துக்கொள்கிறது. 130-ம் போதவில்லையா? 140 போடலாமா?

பதில்: போதாமல் இல்லை, மிதமிஞ்சிப் போய்விட்டது. கணக்குப் போட்டால் தெரியும். உங்கள் பழைய கொள்ளளவு 148 சிசி, புதியது 175 சிசி. ஏற்றம் 18 சதவீதம். ஜெட்டின் எண் பெரும்பாலும் துளையின் விட்டத்தைக் குறிப்பது. 110 என்றால் 1.10 மி.மீ. பெட்ரோல் போவதோ துளையின் பரப்பைப் பொறுத்து. 110-லிருந்து 130-க்குப் போனால் பரப்பு 40 சதவீதம் ஏறுகிறது. என்ஜின் 18 சதவீதம் வளர்ந்ததற்கு 40 சதவீதம் பெட்ரோலைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். கரகரப்பு அதனால்தான்.

"அப்படியானால் 18 சதவீதம் பரப்பு கூட்டினால் சரியா? 120 போட்டுவிடலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதுவும் தேவைப்படாது. பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான். பெரிய சிலிண்டர் அதே 26 மி.மீ. தொண்டை (கார்புரேட்டரின் காற்றுப் பாதை) வழியாக அதிகக் காற்றை இழுக்கிறது. தொண்டையில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் இன்னும் இறங்கும், அதாவது ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பலம் கூடும். காற்றின் வேகம் 18 சதவீதம் ஏறினால், அதே 110 ஜெட் வழியாகவே ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தானாக வந்துவிடும். கார்புரேட்டர் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோல் கொடுக்கும் கருவி. பின்னால் இருக்கும் சிலிண்டர் எத்தனை சிசி என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஜெட் பொருந்த வேண்டியது முதலில் கார்புரேட்டரின் தொண்டைக்கு, பிறகுதான் சிலிண்டருக்கு.

போதாக்குறைக்கு, உச்சச் சுழற்சியில் உங்கள் 26 மி.மீ. தொண்டையும் வால்வுகளும் பழைய அளவுதான். அங்கே காற்று 18 சதவீதம் கூடுவதே இல்லை. உச்ச சக்தி சற்றுக் குறைந்த சுழற்சியிலேயே வந்து நின்றுவிடும். கூடுதல் இழுவை கிடைப்பது நடுவில்தான்.

ஏட்டுக் கணக்கு இதுதான் என்றாலும், காற்று துடித்துத் துடித்து வரும் ஒற்றை சிலிண்டரில் சிறு வேறுபாடு வரும். புது பிஸ்டன் வேறு, லீனில் ஓடினால் பிடித்துக்கொள்ளும். அதனால் 115-ல் தொடங்குங்கள். ஃபில்டர் பெட்டியும் சைலன்சரும் கம்பெனியில் வந்தபடியே இருந்தால் 112.5-க்கோ 110-க்கோ இறங்கிவருவதே பெரும்பாலும் நடக்கும். சைலன்சரைத் திறப்பாக மாற்றியிருந்தால் 117.5 வரை தேவைப்படலாம்.

அந்த 130-ஐ உடனே கழற்றுங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். புது ரிங்குகள் படிவதற்குள் தேய்ந்துவிடும். ஆயில் அளவுக் கம்பியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சிலிண்டர் தேய்ந்ததால் 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். ஜெட் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். 57 மி.மீ. போர் 57.5 ஆனால் கொள்ளளவு ஏறுவது 2 சதவீதம்கூட இல்லை. 1 மி.மீ. முழுதாக ஏற்றினாலும் மூன்றரை சதவீதம்தான். ஏர் ஸ்க்ரூவை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பைக் ஒழுங்காக ஓடாவிட்டால் காரணத்தை ஜெட்டில் தேடாதீர்கள். சிலிண்டரைக் கழற்றி மாட்டியபோது கலைந்த வேறு எதிலாவது இருக்கும்.

கேள்வி: ஜெட்டிங் செய்யும்போது பைலட்டில் தொடங்க வேண்டும் என்கிறார் ஒருவர், மெயினில் தொடங்கு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: மெயின் முதலில். பிறகு நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி), கடைசியில் பைலட். வண்டி ஐட்லிங்கில் நிற்கும் அளவுக்கு மட்டும் பைலட்டை முதலில் ஒப்பேற்றிக்கொள்ளலாம். காரணம் இதுதான்: பைலட் வழியாக வரும் பெட்ரோல் முழு ஆக்ஸிலேட்டரிலும் சிறிதளவு வந்துகொண்டேதான் இருக்கும் என்றாலும் மெயினோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மெயினை மாற்றினாலோ அதன் பாதிப்பு நீடில் பகுதியின் மேல்பாதி வரைக்கும் இறங்கும். கீழிருந்து மேலே போனால் ஒவ்வொரு வேலையையும் இரண்டு முறை செய்வீர்கள்.

எது எங்கே வேலை செய்கிறது என்பதை ஸ்லைடு திறந்திருக்கும் அளவை வைத்துச் சொல்லலாம். மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கைத் தாண்டும் வரை ஸ்லைடின் அடிவெட்டு. கால் முதல் முக்கால் வரை நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல் மெயின். வேகமானி முள்ளுக்கோ கியருக்கோ இதில் சம்பந்தமில்லை. ஐந்தாவது கியரில் அறுபதில் போகும்போது பலரது ஆக்ஸிலேட்டர் கால் பங்கைக்கூடத் தாண்டியிருக்காது. அந்த வேகத்தில் வரும் திணறலுக்கு மெயின் ஜெட்டை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அதனால் முதலில் கைப்பிடியில் அடையாளம் போடுங்கள். கைப்பிடியின் விளிம்பில் ஒரு வெள்ளை டேப், பக்கத்தில் அசையாத ஸ்விட்ச் பெட்டியில் இன்னொன்று. கேபிளின் தளர்ச்சி தீர்ந்து ஸ்லைடு அசையத் தொடங்கும் இடத்தில் முதல் கோடு, முழுத் திறப்பில் கடைசிக் கோடு, இடையில் கால், அரை, முக்கால். தளர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் கோடு போட்டால் எல்லாக் கோடும் பொய்.

ஜெட்டைத் தொடுவதற்கு முன் வால்வு இடைவெளி, இக்னிஷன் டைமிங், ஃப்ளோட் (பெட்ரோல் கிண்ணத்தின் மிதவை) உயரம், மேனிஃபோல்டில் (கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் குழாயில்) காற்றுக் கசிவு ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும். கசிவு இருந்தால் எந்த ஜெட்டும் நிற்காது. ஐட்லிங்கில் ஓடவிட்டு மேனிஃபோல்ட் ரப்பரைச் சுற்றிலும் ஊசிக் குழாயால் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்பட்டு ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சுழற்சி உடனே இறங்காமல் மேலேயே தொங்கினாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

மெயினைச் சோதிக்க, வாகனம் வராத மூடிய தடமோ டைனோவோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் கருவி) வேண்டும். பொதுச்சாலையில் செய்யாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் இழுக்கவிட்டு, கைப்பிடியை மிக லேசாக, முழுத் திறப்பில் எட்டில் ஒரு பங்கு மட்டும் மூடுங்கள். மூடிய அந்தக் கணத்தில் வண்டி சற்று முன்னே பாய்ந்தால் மெயின் சிறியது. கரகரத்து இடறினால் பெரியது. சீராகச் சற்றே வேகம் தணிந்தால் அளவு கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஒரு படி மட்டும்.

அடுத்து நீடில். கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து ஸ்லைடை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக் கேபிள் முனையை விடுவித்தால் நீடில் கழன்று வரும். அதன் தலைப்பக்கம் பெரும்பாலும் ஐந்து வெட்டுகள் இருக்கும். நடு வெட்டில் கிளிப் இருக்கும். கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை லீன் ஆகும். கீழ் வெட்டுக்கு மாற்றினால் நீடில் உயரும், ரிச் ஆகும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு நாள் முழுவதும் அலைபவர்கள் உண்டு. பாதி ஆக்ஸிலேட்டரில் சீராகப் போகும்போது சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் நீடிலை உயர்த்த வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் அடிவெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். பக்கவாட்டுப் பள்ளம் உடலில் உள்ள சிறு முளையில் உட்கார வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் கைப்பிடியை முழுதாகத் திருகி விடுங்கள். "டக்" என்று அடியில் போய் உட்காரும் சத்தம் கேட்காவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்லைடு மேலேயே மாட்டிக்கொண்டிருக்கும், கிக் அடித்த உடனே என்ஜின் உச்சத்துக்குப் பாயும்.

கேள்வி: ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் லீனா, ரிச்சா? எனக்கு மூன்றரைச் சுற்று வெளியே வந்தால்தான் ஐட்லிங் நிற்கிறது.

பதில்: திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே வர வர லீன். ஸ்லைடுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே வர வர ரிச். பட்டறையில் இரண்டையுமே ஏர் ஸ்க்ரூ என்றுதான் சொல்வார்கள். குழப்பத்தின் வேர் இந்தப் பொதுப்பெயர்தான்.

மூன்று சுற்றைத் தாண்டினால் திருகு கிட்டத்தட்ட வேலை செய்வதை நிறுத்திவிடும். என்ஜின் பக்கத் திருகு என்றால் பைலட் ஜெட் சிறிது, ஒரு படி பெரியதைப் போடுங்கள். ஃபில்டர் பக்கத் திருகு என்றால் நேர்மாறு, பைலட் பெரிது. முக்கால் சுற்றுக்குள்ளேயே நின்றால் இதை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்.

சரிசெய்யும் முறை: என்ஜின் சூடாக இருக்கட்டும். ஐட்லிங்கைச் சற்றே உயர்த்திவைத்து, திருகைக் கால் சுற்று மாற்றிப் பத்து விநாடி காத்திருங்கள். சுழற்சி எங்கே மிக அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங் திருகால் கீழே கொண்டுவாருங்கள். மறுபடி ஒருமுறை. இரண்டாவது சுற்றில் விடை தெளிவாகிவிடும்.

திருகை எவ்வளவு திருப்பினாலும் எந்த மாற்றமும் இல்லை என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள். என்ஜின் பக்கத் திருகில் ஸ்பிரிங், அதற்கு அடுத்துக் கடுகு போன்ற வாஷர், முனைப் பக்கம் மெல்லிய ஓ-ரிங் என்ற வரிசை இருக்கும். முந்தைய கை கழற்றியபோது ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கொண்டு கிழிந்திருக்கும், அல்லது தொலைந்திருக்கும். மரை வழியாகக் காற்று நுழைந்துகொண்டிருக்கும்போது திருகு சொன்னபடி கேட்காது. உள்ளே இறுக்கும்போது விரல் நுனி உணரும் இடத்தோடு நிறுத்துங்கள். அழுத்தினால் கூர்முனை துளைக்குள்ளேயே முறிந்துவிடும்.

கேள்வி: கிட் (பெரிய சிலிண்டரும் பிஸ்டனும்) போட்ட பிறகு மேட்டில் ஏறும்போது "டக டக" என்று உள்ளே தட்டுகிறது. லீன் என்று நினைத்து மெயினை இரண்டு படி ஏற்றினேன். சத்தம் சற்றுக் குறைந்தது, பிக்கப் போய்விட்டது.

பதில்: நாக்கிங்கை (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவதை) ஜெட்டால் மறைத்திருக்கிறீர்கள், தீரவில்லை. போரை ஏற்றும்போது கம்ப்ரஷனும் (கலவை அமுக்கப்படும் அளவும்) ஏறுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. முதல் கேள்வியின் என்ஜினையே எடுத்துக்கொள்வோம். 148 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 9.5 என்றால் ஹெட்டுக்குள் உள்ள எரிஅறை 17.4 சிசி. ஹெட்டை மாற்றாமல், அதே வடிவத் தலை கொண்ட 62 மி.மீ. பிஸ்டனைப் போட்டால் 175-ஐயும் 17.4-ஐயும் கூட்டி 17.4-ஆல் வகுக்க வேண்டும். விகிதம் 11-ஐத் தாண்டுகிறது. காற்றால் குளிரும் என்ஜினுக்கும் சாதாரணப் பெட்ரோலுக்கும் அது அதிகம்.

உங்கள் அறையை அளந்து பாருங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை செங்குத்தாக நிற்கும்படி வண்டியைச் சாய்த்து, ஊசிக் குழாயால் மெல்லிய ஆயிலைத் துளையின் அடி மரை வரை ஊற்றுங்கள். உள்ளே போன அளவுதான் அறை. ரிங் வழியாக இறங்கிவிடும், சீக்கிரம் அளந்து உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஆயில் உள்ளே இருக்கும்போது கிக்கரைத் தொடக் கூடாது.

சிலிண்டர் அடியில் 0.5 மி.மீ. கூடுதல் பேக்கிங் கொடுத்தால் 62 மி.மீ. போரில் 1.5 சிசி அறை கிடைக்கும். 11.06 என்பது 10.25 ஆக இறங்கும். பதிலுக்குக் கொடுப்பது: பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடுக்கு அகலும், கேம் செயின் இழுபட்டு வால்வு டைமிங் கொஞ்சம் பின்தங்கும். பிஸ்டன் தலையில் குழிவு உள்ள கிட் கிடைத்தால் அதுவே மேல். இக்னிஷனை 2 முதல் 3 டிகிரி பின்தள்ளுவதும் ஆக்டேன் கூடிய பெட்ரோலும் துணைக்கு. இவற்றை முடித்துவிட்டு மெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: முழு ஆக்ஸிலேட்டரில் பத்து பன்னிரண்டு விநாடி அருமையாக இழுக்கிறது. பிறகு பெட்ரோல் தீர்ந்தது போல் விழுந்துவிடுகிறது. கையை விட்டால் மறுபடி சரி. மெயினை இன்னும் ஏற்றலாமா?

பதில்: ஏற்றினால் பன்னிரண்டு விநாடி எட்டு விநாடி ஆகும். ஃப்ளோட் கிண்ணத்தில் உள்ளது தீர்ந்துவிடுகிறது, டேங்கிலிருந்து வருவது ஈடுகொடுக்கவில்லை. 18 குதிரைசக்தி அளவுள்ள என்ஜின் முழு இழுவையில் நிமிடத்துக்கு 100 மி.லி. அளவில் குடிக்கும். கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து குழாய் சொருகி, அளவுக் குப்பியில் ஒரு நிமிடம் பிடியுங்கள். சூடான என்ஜினுக்கு மேல் வேண்டாம், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்யுங்கள். குறைந்தது 200 மி.லி. வர வேண்டும். இப்படிப் பிடித்தால் டேங்க் குழாய், ஃபில்டர், ஃப்ளோட் வால்வு மூன்றையும் சேர்த்தே சோதித்ததாகிவிடும். குறைவாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்துவைத்து மறுபடி பிடியுங்கள். இப்போது கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கூடவில்லை என்றால் பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து பிடுங்கி நேராகப் பிடியுங்கள். நேராக நன்றாக வந்தால் ஃப்ளோட் வால்வு இருக்கை சிறியது, அல்லது ஃப்ளோட் உயரம் தவறு. வாக்வம் வகை டேங்க் குழாயாக இருந்தால் உறிஞ்சு குழாயையும் பாருங்கள். கிழிந்திருக்கலாம்.

கேள்வி: சட்டென்று முறுக்கினால் ஒரு கணம் விழுந்து பிறகு எழுகிறது. லீனா ரிச்சா எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: காதால். லீன் என்றால் சத்தமே அடங்கி வெறுமையாக விழும், சில நேரம் கார்புரேட்டர் வழியாகத் தும்மும். ரிச் என்றால் கொழகொழவென்று கனத்து இழுக்கும், சைலன்சரில் கரும்புகை தட்டும். சந்தேகம் தீராவிட்டால் காலையில் குளிர்ந்த என்ஜினில் ஓட்டிப் பாருங்கள். குளிரில் நன்றாக ஓடி சூடானதும் மோசமானால் ரிச். சூடாக ஆக நன்றாக ஓடினால் லீன். ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிப்பது பைலட் லீன் என்பதன் அடையாளம், ஆனால் சைலன்சர் மூட்டில் பேக்கிங் கசிந்தாலும் அதே சத்தம்தான் வரும். பேக்கிங்கை முதலில் பாருங்கள், அது மலிவான வேலை.

கேள்வி: என்னுடையது வாக்வம் கார்புரேட்டர். நீடிலில் வெட்டே இல்லை, கிளிப்பும் இல்லை. எப்படி உயர்த்துவது?

பதில்: நீடிலின் தலைக்குக் கீழே 0.5 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய வாஷர் ஒன்று போடுங்கள். பொதுவாக ஒன்று போதும், இரண்டுக்கு மேல் போக வேண்டியிருந்தால் வேறு கோளாறு. இந்த வகையில் ஸ்லைடைத் தூக்குவது உங்கள் கையல்ல, உறிஞ்சும் காற்று. கைப்பிடியில் போட்ட கோடு ஸ்லைடின் உயரத்தைச் சொல்லாது. என்ஜின் பெரிதானால் அதே கைப்பிடித் திறப்பில் ஸ்லைடு முன்னைவிட உயரமாக எழும். அதனால் வாக்வம் கார்புரேட்டர்கள் சிசி ஏற்றத்தைத் தாமாகவே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஸ்லைடின் அடித் துளையைப் பெரிதாக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்லைடு பதறிப் பதறி எழும், திரும்ப அடைக்கவும் முடியாது. டயஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால் போதும், மேல் வேகத்தில் இழுவை காணாமல் போகும். ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டியிருந்தால் முதலில் பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். டயஃப்ரத்தின் அடியில் அமைதியான காற்று வேண்டும்.

கேள்வி: அதே 175 சிசி கிட்டுக்கு 30 மி.மீ. கார்புரேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஜெட் அளவு என்ன?

பதில்: முதல் கேள்வியின் 130 எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு உங்கள் கேள்வியில் விடை இருக்கிறது. தொண்டையின் பரப்பு கூடினால் காற்றின் வேகம் குறையும், உறிஞ்சும் பலம் தளரும். அதை ஈடுகட்டத்தான் ஜெட் பெரிதாக வேண்டும். 26-லிருந்து 30-க்குப் போனால் தொண்டைப் பரப்பு 33 சதவீதம் ஏறுகிறது, ஜெட்டின் பரப்பும் அதே விகிதத்தில் ஏற வேண்டும். 110-ஐ 30-ஆல் பெருக்கி 26-ஆல் வகுங்கள், 127 வரும். 28 மி.மீ. என்றால் 118. தொடக்கப் புள்ளிக்கு இந்தக் கணக்குப் போதும். நீடில் ஜெட்டும் ஏர் ஜெட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் இதையே முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெட் எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். கெய்ஹின் எண் துளையின் விட்டத்தை ஒட்டியது. மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டோ பெட்ரோல் பாயும் அளவை வைத்து எண்ணிடப்பட்டது. ஒன்றின் 120 இன்னொன்றின் 120 அல்ல.

எங்களைக் கேட்டால் 28 போதும். 175 சிசிக்கு 28 மி.மீ. தொண்டையில் காற்று வேகம், பழைய 148 சிசியில் 26 மி.மீ. தொண்டைக்கு இருந்த வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறது. கீழ்ச் சுழற்சி இழுவை கெடாது. 30 போட்டால் உச்சத்தில் கொஞ்சம் கிடைக்கும், நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து ஓட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: பிளக் வெள்ளையாக இருந்தால் லீன்தானே?

பதில்: எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐட்லிங்கில் வீட்டுக்கு வந்து கழற்றினால் பிளக் காட்டுவது ஐட்லிங்கின் கதையை, மெயினின் கதையை அல்ல. மெயினைப் பார்க்கப் புதுப் பிளக் போட்டு, மூடிய தடத்தில் முழு ஆக்ஸிலேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கில் ஸ்விட்ச்சையும் கிளட்ச்சையும் ஒரே நேரத்தில் அழுத்தி, உருண்டு வந்து நிறுத்திக் கழற்ற வேண்டும். பார்க்க வேண்டிய இடம் பீங்கானின் நுனி அல்ல. இரும்பு உடலுக்குள் பீங்கான் மறைகிற அடிப்பகுதி. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் சரி. வளையமே இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் புள்ளிகளோ, மினுங்கும் அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங், வண்டியை அதோடு நிறுத்துங்கள். இன்றைய ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் மெதுவாகத்தான் ஏறும். ஓர் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் அதையே லீன் என்று முடிவு கட்டாதீர்கள்.

லாம்டா மீட்டர் (புகையை வைத்துக் கலவையை அளப்பது; 1.0 சரிநிலை, குறைந்தால் ரிச்) கிடைத்தால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை. முழு ஆக்ஸிலேட்டரில் 0.86 முதல் 0.90, சீராக ஓடும்போது 0.95 முதல் 1.0. காற்று–பெட்ரோல் விகிதமாகப் பார்க்காமல் லாம்டாவாகப் பாருங்கள். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்ற அந்த எண், 10 சதவீதம் எத்தனால் கலந்தால் 14.1 ஆகிவிடும், லாம்டா 1.0 அப்படியே இருக்கும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் மூட்டில் கசிவு இருந்தாலும் என்ஜின் மிஸ்ஸிங் அடித்தாலும் மீட்டர் லீன் என்று பொய் சொல்லும்.

கேள்வி: சமவெளியில் சரிசெய்த ஜெட் மலைக்குப் போனால் ஒத்துவருமா?

பதில்: 1000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறையும், கலவை சுமார் 5 சதவீதம் ரிச் ஆகும். 110 அளவு மெயினுக்கு அது 2.5 எண் இறங்கும் ஒரு படிக்குச் சமம். இரண்டு நாள் பயணத்துக்கு மாற்ற வேண்டாம். அங்கேயே மாதக்கணக்கில் ஓட்டுவதாக இருந்தால் மாற்றுங்கள், இறங்கும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றிவிடுங்கள். அதிகாலைக் குளிரும் மதிய வெயிலும் 30 டிகிரி வித்தியாசப்பட்டாலும் அடர்த்தி அதே 10 சதவீதம் மாறும். மதியத்தில் கச்சிதமாக லீன் விளிம்பில் வைத்த மெயின் அதிகாலையில் லீனாகிவிடும்.

கேள்வி: 112.5 கிடைக்கவில்லை. 110-ஐத் துளையிட்டுப் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டாம். ஜெட்டின் துளை வாயில் சிறு சரிவு ஒன்று வெட்டியிருக்கும். பாயும் அளவைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கையால் துளையிட்டால் சரிவும் போகும், துளையின் உட்புறமும் சொரசொரக்கும். 1.125 என்று துளைத்தது 110 அளவுக்கும் பாயலாம், 117 அளவுக்கும் பாயலாம். கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதும் இதே கெடுதலைத்தான் செய்யும். கார்புரேட்டர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். பெயரில்லாத மலிவு ஜெட்டுகளில் முத்திரை எண்ணும் துளையும் ஒத்துப்போகாதது உண்டு. மெல்லிய டிரில் பிட்டுகளின் காம்பைச் செருகிப் பார்த்தே வாங்குங்கள். மாட்டும்போது வெட்டுக்குப் பொருத்தமான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், பித்தளை மிருது. உட்கார்ந்த பிறகு எட்டில் ஒரு சுற்று இறுக்கம் போதும்.